நார்வே பல்கலைக்கழக ஆராய்ச்சி வேலை: விண்ணப்பம் எங்கே மாட்டுகிறது?

நான் நார்வேயின் த்ரோண்ட்ஹைமுக்கு வந்து ஆராய்ச்சியில் சேர்ந்த நாளிலிருந்து, ஊரிலிருக்கும் ஜூனியர்கள் விண்ணப்பத்தை அனுப்பி "அக்கா, இதுல என்ன தப்புன்னு பாருங்க" என்று கேட்பது நின்றதே இல்லை. பெரும்பாலும் நிராகரிப்பு வந்த பிறகுதான் அனுப்புவார்கள். பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்துகொண்டேன். கோளாறுகள் ஏழெட்டுதான், அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. பல நேரம் ஆளின் தகுதியில் குறையே இருக்காது. விளம்பரத்தைப் படித்த விதத்தில்தான் இருக்கும்.

உங்கள் அறிகுறி எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும். நேரமும் பணமும் பிடிப்பவை கடைசியில்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம். நார்வேயில் பிஎச்.டி. என்பது வேலை. பதவியின் பெயர் ஸ்டிபென்டியாட். பெயரைப் பார்த்து ஸ்டைபெண்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் குரோனருக்கு மேல் சம்பளம், அதில் பென்ஷனுக்கு 2 சதவீதம் பிடித்தம், லீவு எல்லாம் உண்டு. காலம் மூன்று வருடம். பாடம் எடுப்பது போன்ற துறை வேலை 25 சதவீதம் சேர்ந்தால் நான்கு வருடம். பிஎச்.டி. திட்டத்தில் சேர்க்கை என்பது வேலையில் சேர்ந்த பிறகு சில மாதங்களுக்குள் நடக்கும் தனிச் சடங்கு. ஆக, நீங்கள் அட்மிஷன் கேட்கவில்லை, அரசு வேலைக்குப் போட்டி போடுகிறீர்கள். கீழே வரும் கோளாறுகளில் பல, இதை மறந்துவிடுவதால் வருபவை.

## தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை

எங்கே தேடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். கூகுளில் "நார்வே பிஎச்.டி. அட்மிஷன்" என்று அடித்தால் ஏஜென்ட் விளம்பரங்களும் யாரோ எப்போதோ போட்ட பட்டியல்களும்தான் மேலே வரும். நார்வேயின் பல்கலைக்கழகங்கள் ஆளெடுக்கும் முக்கியமான தளம் ஜாப்நோர்கே. ஆங்கில 'ஜாப்'பில் 'பி' எழுத்தை இரண்டு முறை போட்டு, நார்வேக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரான நோர்கேயை ஒட்டினால் தளத்தின் பெயர் வந்துவிடும். ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளுக்கான யூராக்ஸெஸ் தளத்திலும் ஒரு பகுதி வரும்.

அங்கே போயும் ஒன்றும் தென்படவில்லையா? தேடும் சொல்லை மாற்றுங்கள். "பிஎச்.டி. ஸ்டூடண்ட்" என்று ஒரு பதவி அங்கே கிடையாது. ஸ்டிபென்டியாட் என்றோ, ஆங்கிலத்தில் பிஎச்.டி. ரிசர்ச் ஃபெல்லோ என்றோ தேட வேண்டும். பட்டம் வாங்கியவர்களுக்கு போஸ்ட்டோக்டர். ஒரு திட்டத்தின் பணத்தில் எடுக்கும் ஆராய்ச்சியாளர் ஃபோர்ஷ்கர். அரசுப் பதவிகளுக்குக் குறியீட்டு எண்ணும் உண்டு: ஸ்டிபென்டியாட்டுக்கு 1017, போஸ்ட்டோக்டருக்கு 1352. விளம்பரத்துக்குள் இந்த எண் இருந்தால் பதவி எது என்ற குழப்பம் வேண்டாம்.

அடுத்து, எத்தனை ஊர்களைப் பார்க்கிறீர்கள்? பாதிப்பேர் ஓஸ்லோவோடு நிறுத்திவிடுகிறார்கள். த்ரோண்ட்ஹைமில் என்.டி.என்.யு. எனப்படும் நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பெர்கன், ஸ்டாவாங்கர், அக்டர், வடக்கே திரொம்சோவில் ஆர்க்டிக் பல்கலைக்கழகம், விவசாயமும் கால்நடை மருத்துவமும் படித்தவர்களுக்கு ஓஸ்லோவுக்குப் பக்கத்தில் ஓஸ் என்ற சிற்றூரில் வாழ்வியல் அறிவியல் பல்கலைக்கழகம் என்று வரிசை நீளம். ஓஸ்லோமெட்டும் தென்கிழக்கு நார்வே பல்கலைக்கழகமும் 2018-இல்தான் பல்கலைக்கழகம் ஆயின. சீனியர் கொடுத்த பழைய பட்டியலில் அவை இருக்காது.

பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் பாருங்கள். த்ரோண்ட்ஹைமின் சின்டெஃப், ஓஸ்லோவின் சிமுலா, பெர்கனின் கடல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவையும் ஆளெடுக்கின்றன. அங்கே பிஎச்.டி. செய்தாலும் பட்டம் தருவது ஏதாவது ஒரு பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும்.

### கிடைக்கிறது, ஆனால் எல்லாம் நார்வேஜிய மொழியில்

உலாவியின் மொழிபெயர்ப்பைப் போட்டு, தகுதிப் பகுதியை மட்டும் படியுங்கள். நார்வேஜியமோ வேறொரு ஸ்காண்டிநேவிய மொழியோ கட்டாயம் என்று இருந்தால் விட்டுவிடுங்கள். பள்ளிக் கல்வி, சமூகப்பணி, நர்சிங் போன்ற துறைகளில் இது அடிக்கடி வரும். அறிவியல், பொறியியலில் பெரும்பாலும் ஆங்கில வடிவமும் கூடவே இருக்கும். நிரந்தரப் பதவிகளில் சேர்ந்த சில வருடங்களுக்குள் மொழியைக் கற்க வேண்டும் என்பார்கள். அது இப்போதே வேண்டும் என்பதாகாது.

### என் துறையில் வருடம் முழுக்க ஒன்றே ஒன்று

இங்கே ஜூலை அட்மிஷன், ஜனவரி அட்மிஷன் என்று ஒன்றும் கிடையாது. நார்வே ஆராய்ச்சி மன்றத்திடமிருந்தோ ஐரோப்பிய ஒன்றியத்திடமிருந்தோ ஒரு பேராசிரியருக்குத் திட்டம் கிடைத்தால், இடம் முளைக்கும். தளத்தில் அறிவிப்பு வரும்படி வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பொறுமை இல்லையென்றால் இரண்டு வழி. ஒன்று, மரீ ஸ்க்லோடோவ்ஸ்கா-கியூரி பெயரில் வரும் ஐரோப்பிய டாக்டரல் நெட்வொர்க் இடங்கள். அவற்றில் கடந்த 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்தவர்களை எடுக்க மாட்டார்கள். ஊரிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு இந்த விதி உதவிதான். இன்னொன்று பிஎச்.டி. முடித்தவர்களுக்கு, அதே பெயரில் வரும் போஸ்ட்டாக் நிதி. பட்டம் வாங்கி 8 வருடத்துக்குள் இருக்க வேண்டும், கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பரில் வரும். கூட நின்று எழுத ஒரு நார்வே பேராசிரியர் வேண்டும் என்பதால் வசந்தத்திலேயே ஆரம்பிக்க வேண்டியிருக்கும். உழைப்பு அதிகம் கேட்கும் வழி இதுதான்.

## பேராசிரியருக்கு எழுதினால் பதிலே இல்லை

ஊரில் கைடு சம்மதித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இங்கே கைடு சம்மதித்தாலும் அவரால் இடம் தர முடியாது. பதவியைப் பொதுவில் விளம்பரம் செய்து, தகுதிவரிசைப்படிதான் நிரப்ப வேண்டும் என்பது அரசு ஊழியர் சட்டம். ஆகவே "உங்கள் கீழ் பிஎச்.டி. செய்ய விரும்புகிறேன்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயில் அனுப்பினால் பதில் வராததில் ஆச்சரியம் இல்லை.

எந்த மெயிலுக்குப் பதில் வரும்? திறந்திருக்கும் விளம்பரத்தின் அடியில் தொடர்புக்கு என்று ஒரு பெயர் இருக்கும். அவரிடம், விளம்பரத்தைப் படித்தும் தீராத ஒரே ஒரு கேள்வி. "களப்பணி எந்தக் கடற்கரையில்?" "நிரலாக்கம் பைத்தானிலா, ஆர்-இலா?" இப்படி நாலு வரி. கூடவே சி.வி.யை ஒட்டாதீர்கள். இதற்குப் பதில் வரும் என்று என் அனுபவம் சொல்கிறது. வராவிட்டாலும் நஷ்டமில்லை, மெயில் போட்டதற்கு யாரும் மார்க் போடுவதில்லை.

## படிவத்திலேயே மாட்டிக்கொண்டது

### பெயர்

நம்மூர்க்காரர்களுக்கே உரிய கோளாறு. படிவம் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டையும் கேட்கும். உங்களிடம் இருப்பதோ ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். டிகிரி சர்டிபிகேட்டில் "கவிதா எஸ்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து "கவிதா செல்வராஜ்", கட்டுரையில் "எஸ். கவிதா". படிக்கும் குழுவுக்கு இது மூன்று பேர்.

பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே எல்லாப் படிவத்திலும் போடுங்கள். சி.வி.யின் தலையில் ஒரு வரி: சான்றிதழ்களில் உள்ள இனிஷியல் தந்தையின் பெயரைக் குறிக்கிறது, எல்லாப் பெயரும் ஒருவருடையதே. இவ்வளவு போதும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாகவே இருந்தால், விண்ணப்பத்துக்காக அலைய வேண்டாம். ஆனால் வேலை கிடைத்தபின் விசா, வங்கி, சம்பளம் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் அது வந்து நிற்கும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் நேரம் வந்தால் அப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

### நேரம்

கடைசித் தேதி இரவு 23:59 என்றால் அது நார்வே நேரம். நமக்கும் இலங்கைக்கும் அது மறுநாள் விடியற்காலை: கோடையில் 3:29, மார்ச் கடைசி ஞாயிறுக்கு முன்பும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பின்பும் 4:29. அதை நம்பி உட்காராதீர்கள். கெடு முடிந்ததும் படிவம் மூடிக்கொள்ளும், ஃபோன் செய்து கெஞ்சினாலும் திறக்க மாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே விதி என்பதில் இந்த ஊர் கறாரானது.

அனுப்பியாயிற்று என்று நினைத்து, வரைவாகவே சேமித்துவைத்திருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ரசீது மெயில் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் விண்ணப்பம் போகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

### கோப்புகள்

மார்க் ஷீட்டை மொபைலில் படம் எடுத்து, படுக்கை விரிப்பும் விரலும் தெரிய, பதினான்கு தனிக் கோப்புகளாக ஏற்றுவது வேண்டாம். ஸ்கேன் செயலியில் எடுத்து, பட்டம் வாரியாக ஒரே பி.டி.எஃப். ஆக்குங்கள். கோப்பின் பெயரில் உங்கள் பெயர் இருக்கட்டும். சி.வி.யைப் படிவத்தின் கட்டங்களில் நிரப்பச் சொல்லி, தனிக் கோப்பாகவும் கேட்டால் இரண்டையும் செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும்.

## முதல் வடிகட்டலிலேயே வெளியே தள்ளிவிட்டார்கள்

அதிகம் வரும் கேஸ் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

விண்ணப்பங்களைப் படிப்பது நிபுணர் குழு. பெரும்பாலும் மூன்று பேர். அவர்கள் கையில் இருக்கும் விடைக்குறிப்பு விளம்பரம் மட்டுமே. அதில் கேட்காத திறமைக்கு மார்க் இல்லை, கேட்டதை நீங்கள் காட்டாமல் விட்டால் ஊகித்துப் போடவும் மாட்டார்கள்.

சோதனை 1, கால் மணி நேரம். ஒரு தாளை நடுவில் மடியுங்கள். இடது பக்கம், விளம்பரத்தில் "கட்டாயம்" என்று உள்ள ஒவ்வொரு வரியும். வலது பக்கம், அதற்கான ஆதாரம் உங்கள் விண்ணப்பத்தில் எந்தக் கோப்பில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. வலது பக்கம் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் நிராகரிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது. "விரும்பத்தக்கது" என்று உள்ளவற்றில் சில காலியாக இருப்பது சகஜம், அதற்காகப் பின்வாங்க வேண்டாம்.

சோதனை 2, இணைப்புகள். முதுகலை ஆய்வேடு கேட்டார்களா? சக ஆசிரியர்களோடு எழுதிய கட்டுரையில் உங்கள் பங்கு என்ன என்று குறிப்பு கேட்டார்களா? அதிகபட்சம் ஐந்து கட்டுரை என்றால் பன்னிரண்டை ஏற்றினீர்களா? ஆராய்ச்சித் திட்டம் இத்தனை பக்கம் என்று இருந்ததா? மானுடவியல், சமூக அறிவியல் பக்கம் சொந்தத் திட்டம் பெரிய எடை. அறிவியல் பக்கம் திட்டம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும், அங்கே ஏன் இந்தத் தலைப்பு, ஏன் நீங்கள் என்று ஒன்றிரண்டு பக்கக் கடிதம் போதும். எல்லா இடத்துக்கும் ஒரே கடிதம் அனுப்பியிருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

சோதனை 3, மார்க். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் அடிபடுகிறார்கள். முதுகலையில் சராசரி 'பி' அல்லது அதற்கு மேல் என்று பல விளம்பரங்கள் கேட்கும். அது நார்வேயின் 'பி'. அங்கே ஏ முதல் இ வரை தேர்ச்சி, 'பி' என்றால் மிக நன்று. நம் ஊர் மார்க் ஷீட்டில் ஓ, ஏ பிளஸ், ஏ, பி பிளஸ், பி என்று இறங்கினால் அந்தக் 'பி' கீழ்ப்படி. இரண்டும் ஒரே எழுத்து என்பதால் இரண்டு பக்கமும் ஏமாறலாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பெண், வேதியியல் முதுகலை, சி.ஜி.பி.ஏ. 8.1. மூன்று இடத்தில் "மதிப்பெண் போதவில்லை" என்று வந்திருந்தது. கோப்புகளை வாங்கிப் பார்த்தேன். மார்க் ஷீட்டின் முன்பக்கம் மட்டும் ஸ்கேன் ஆகியிருந்தது. எந்த எழுத்துக்கு எத்தனை மார்க் என்ற அட்டவணை பின்பக்கம், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அந்தப் பக்கம் குழுவின் கண்ணில் படவே இல்லை. பின்பக்கத்தையும் சேர்த்து, மேலே ஒரு பக்கக் குறிப்பு வைத்தோம்: பல்கலைக்கழகத்தின் அளவுகோல், வகுப்பில் எத்தனை பேர், அவள் எத்தனையாவது. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதும் ஒரு வரி, ஏனென்றால் கல்லூரி பெயர் ஒன்றும் பட்டம் தருபவர் பெயர் வேறொன்றுமாக இருப்பது அவர்களுக்குப் புதிர். அடுத்த விண்ணப்பத்துக்கு நேர்காணல் வந்தது. அளவுகோலை நிரூபிக்கப் பல்கலைக்கழகத்திடம் டிரான்ஸ்கிரிப்ட் வாங்குவது இன்னும் உறுதி. கட்டணமும் காத்திருப்பும் உண்டு என்பதால் விளம்பரம் வருமுன்பே கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அரியர் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மறைக்க வேண்டாம், பெரிதுபடுத்தவும் வேண்டாம். இறுதி மதிப்பெண் தெளிவாக இருந்தால் சரி.

சோதனை 4, ஆய்வேட்டின் அளவு. முதுகலையில் 120 கிரெடிட், அதில் ஆய்வேடு குறைந்தது 30 கிரெடிட் என்று கேட்கும் இடங்கள் உண்டு. 60 கிரெடிட் ஒரு முழு வருடப் படிப்பு, ஆக 30 என்பது அரை வருடம். நம்மூர் எம்.எஸ்சி.யில் கடைசி செமஸ்டர் புராஜெக்ட் சில இடங்களில் முழு செமஸ்டர், சில இடங்களில் ஒரு பேப்பர் அளவுதான். செமஸ்டர் முழுக்கச் செய்திருந்தும் மார்க் ஷீட்டில் "புராஜெக்ட்" என்று ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தால், எத்தனை வாரம், எந்த ஆய்வகம் என்று கைடிடம் கடிதம் வாங்கிச் சேருங்கள். எம்.ஃபில். செய்தவர்கள் அந்த ஆய்வேட்டையும் இணைக்கலாம். இரண்டும் இல்லையென்றால் இந்த வகை விளம்பரங்களைத் தாண்டிப் போங்கள். நெட், ஜே.ஆர்.எஃப். தேர்ச்சி நமக்குப் பெருமை, அங்கே அது என்னவென்று தெரியாது. தேசிய அளவிலான ஆராய்ச்சி உதவித்தொகைத் தேர்வு என்று விளக்கி எழுதினால் கவனிப்பார்கள்.

சோதனை 5, ஆங்கிலம். சில பீடங்கள் ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது டோஃபெல் கேட்கும், சில கேட்காது. ஆங்கில வழியில் படித்தது போதுமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். விளம்பரத்தில் இல்லாமல் பீடத்தின் பிஎச்.டி. விதிகளுக்குப் போகும் இணைப்பில் ஒளிந்திருக்கலாம். காசு கட்டித் தேர்வு எழுதுமுன் அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள்.

சோதனை 6, மாற்ற முடியாதவை. முதுகலை இன்னும் முடியவில்லை, சேரும் தேதிக்குள் முடியும் என்றால் ஏற்பார்களா என்பதை விளம்பரமே சொல்லும். போஸ்ட்டோக்டருக்குப் பட்டம் கையில் இல்லாவிட்டாலும், ஆய்வேட்டைக் கடைசித் தேதிக்கு முன் சமர்ப்பித்திருந்தால் பல இடங்களில் பரிசீலிப்பார்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை போஸ்ட்டோக்டர் ஆக முடியாது. இன்னொன்று, விளம்பரத்தின் அடியில் ஏற்றுமதிக் கட்டுப்பாடு பற்றி ஒரு பத்தி இருக்கும். ராணுவப் பயன்பாட்டுக்கும் திரும்பக்கூடிய தொழில்நுட்பத் துறைகளில் விண்ணப்பதாரர்களை அந்தச் சட்டப்படி பரிசீலிப்பார்கள். அதில் சிக்கினால் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை, அடுத்த விளம்பரத்துக்குப் போங்கள்.

### எப்போது ஆளைக் கூப்பிடுவது

இந்த ஆறும் சரியாக இருந்தும் வெளியே தள்ளினால் எழுதிக் கேளுங்கள். உங்களைப் பற்றிய மதிப்பீட்டைப் பார்க்க விண்ணப்பதாரருக்கு உரிமை உண்டு. மற்ற விண்ணப்பதாரர்களின் கல்வி, அனுபவ விவரம் அடங்கிய விரிவான பட்டியலையும் கேட்கலாம். இதற்கு வக்கீல் வேண்டாம். விளம்பரத்தின் குறிப்பு எண்ணைப் போட்டு மனிதவளப் பிரிவுக்கு இரண்டு வரி மெயில் போதும். நான் ஒருமுறை கேட்டபோது அரைப் பக்கம் வந்தது. என் கட்டுரைகளைப் பற்றி நல்லபடியாக எழுதி, விளம்பரத்தில் கேட்ட புள்ளியியல் அனுபவத்துக்கு "ஆதாரம் இல்லை" என்று முடித்திருந்தார்கள். இரண்டு வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். சி.வி.யில் ஒரு வார்த்தை எழுதவில்லை.

பட்டம் நார்வே பட்டத்துக்குச் சமம்தானா என்பதிலேயே தகராறு என்றால், வெளிநாட்டுக் கல்வியை அங்கீகரிக்கும் வேலை 2023 முதல் உயர்கல்வி மற்றும் திறன்களுக்கான இயக்குநரகத்திடம் இருக்கிறது. கட்டணம் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். விதியை மீறி ஆளெடுத்திருக்கிறார்கள் என்று உண்மையிலேயே ஆதாரம் இருந்தால், கடைசிப் படி நாடாளுமன்றம் நியமிக்கும் குறைகேட்பு அதிகாரி. அவரிடமும் இலவசமாகப் புகார் செய்யலாம், ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். சும்மா கோபத்துக்கு அந்தப் படி ஏறாதீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தருகிறேன் என்கிற ஏஜென்ட் எந்தப் படியிலும் தேவையில்லை. விண்ணப்பிக்கவே கட்டணம் கிடையாது.

## மாதக்கணக்கில் சத்தமில்லை

முதலில் காலண்டரைப் பாருங்கள். ஜூலையில் நாடே லீவில் போய்விடும். ஜூன் கடைசியில் முடிந்த விளம்பரத்துக்கு ஆகஸ்ட் நடு வரை எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஈஸ்டர், கிறிஸ்துமஸும் அப்படியே. இதையெல்லாம் கழித்தும் நிபுணர் குழு, நேர்காணல், பரிந்துரை, நியமனக் குழு என்று போக மூன்று நான்கு மாதம் சாதாரணம், அரை வருடமும் ஆகும்.

அப்புறம் ஸ்பாம் பெட்டி. செய்திகள் தளத்தின் வழியாக வருவதால் அங்கே உள்நுழைந்தும் பாருங்கள்.

நான்கு மாதம் தாண்டினால் மனிதவளப் பிரிவின் பெயருக்கு, பேராசிரியருக்கு அல்ல, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்கலாம். வேறு இடத்திலிருந்து வேலை வந்திருந்தால் அதையும் தேதியோடு சொல்லுங்கள், அது மிரட்டல் ஆகாது.

கூகுளில் உங்கள் பெயர் விண்ணப்பதாரர் பட்டியலில் வந்து நிற்கிறதா? பதற வேண்டாம். பெயர், வயது, பதவி, ஊர் ஆகியவற்றோடு பட்டியல் பொதுவில் வருவது அங்கே சட்டப்படியான வழக்கம். பெயரை மறைக்கக் கேட்கலாம், அப்படிக் கேட்டும் வெளியிடப்படலாம் என்று விளம்பரத்திலேயே எழுதியிருப்பார்கள். இப்போதைய முதலாளிக்குத் தெரியக் கூடாது என்றால் விண்ணப்பிக்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம்.

## நேர்காணல் வரை போகிறது, அதோடு சரி

இது நல்ல அறிகுறி, தாள்கள் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். இனி ஆள்.

முதலில் இணையத்தொடர்பும் வெளிச்சமும். பவர் கட் நேரத்தை ஈ.பி. அட்டவணையில் பார்த்துவைத்து, மொபைல் டேட்டாவைத் தயாராக வையுங்கள்.

அடுத்து "சார்". ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சார், மேடம் போட்டால் அவர்கள் நெளிவார்கள். அங்கே டீனையும் முதல் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். நமக்கு நாக்கில் வராது, தெரியும். பெயரே சொல்லாமல் பேசினாலும் போதும்.

மூன்றாவது, மனப்பாடம். "உங்கள் ஆய்வேட்டில் எது தவறிப்போனது, என்ன செய்தீர்கள்?" என்று நிச்சயம் ஏதாவது ஒரு வடிவத்தில் வரும். "எதுவும் தவறவில்லை, எல்லாம் கைடு வழிகாட்டுதலில்" என்று சொன்ன தம்பி ஒருவன், தொழில்நுட்பக் கேள்விகளுக்கெல்லாம் பிசகாமல் பதில் சொல்லியும் இடம் கிடைக்காமல் போனான். தனியாக முடிவெடுக்கத் தெரியுமா என்பதுதான் அந்தக் கேள்வி. சென்ட்ரிஃப்யூஜ் ரிப்பேராகி மூன்று வாரம் மாதிரிகள் வீணானதையும், பக்கத்துக் கல்லூரியில் இரவு நேரத்தில் அனுமதி வாங்கி ஓட்டியதையும் அவன் சொல்லியிருக்கலாம். எனக்கு டீக்கடையில் சொன்னான்.

நான்காவது, பரிந்துரைப்பவர்கள். நேர்காணலுக்குப் பிறகு அவர்களுக்கு நேரடியாக ஃபோனோ மெயிலோ போகும். உங்கள் கைடுக்குத் தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை அவர் எடுப்பாரா? முன்கூட்டியே சொல்லி, விளம்பரத்தையும் அனுப்பிவையுங்கள். பெரிய பெயருள்ள துறைத்தலைவரைவிட, ஆய்வகத்தில் உங்களைத் தினமும் பார்த்தவர் சொல்வதுதான் எடுபடும்.

இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று வந்தால் ஃபைலை மூடிவிடாதீர்கள். அரசுப் பதவிகளுக்குப் பொதுவாக மூன்று பேரை வரிசையாகப் பரிந்துரைப்பார்கள். முதல் ஆள் வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அடுத்த பெயருக்கு வரும். எனக்கு இந்த வேலை அப்படி வந்ததுதான்.

## வேலை கிடைத்துவிட்டது, பயணம்தான் நகரவில்லை

ஒப்பந்தத்தில் பதவி, சம்பளம், தொடங்கும் தேதி, எத்தனை சதவீத வேலை என்பவை இருக்கிறதா என்று பாருங்கள். குடியேற்றத் துறைக்கு வேண்டியவை அவைதான். விண்ணப்பம் ஆன்லைனில், பிறகு விசா மையத்தில் தாள்களைக் கொடுக்க வேண்டும். உங்கள் சார்பில் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்க முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. விசா, வரி அட்டை, வீடு எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் கதவு.

இலங்கையிலிருந்து வருபவர்கள் பழைய வழிகாட்டிகளை நம்ப வேண்டாம். கொழும்பிலிருந்த நார்வே தூதரகம் 2023-இல் மூடப்பட்டு, அதன் பொறுப்பு புது தில்லிக்குப் போய்விட்டது.

தேதி நெருங்கியும் அனுமதி வரவில்லையா? குடியேற்றத் துறையைத் துரத்துவதைவிட, தொடங்கும் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லித் துறைக்கு எழுதுவது எளிது. அவர்களுக்கு இது பழகிய விஷயம், ஒரு மெயிலில் முடிந்துவிடும். டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள். வந்து இறங்கியதும் ஏழு நாளுக்குள் போலீஸில் பதிவு செய்ய வேண்டும், அதற்கான நேரத்தை ஊரிலிருக்கும்போதே ஆன்லைனில் பிடித்துவைத்துவிடுங்கள். ஆகஸ்டில் மாணவர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்து இறங்குவதால் அந்த நேரங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.